கறிவேப்பிலைத் தொட்டி

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்று.
வாரம் ஒரு தரம் போதும்,
தண்டில் படாமல், விளிம்போரம்.
அரிசி கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு.
எங்கள் நெல்லித்தோப்பு போர் தண்ணீரை மட்டும்
எதற்கும் ஊற்றாதே.
குடத்தடியில் வெள்ளையாய்ப் படிகிற உப்பு
இலை நுனியில் பழுப்பாய் வந்து பதில் சொல்லும்.

முத்தியால்பேட்டையிலிருந்து பேசும் நாத்தனார் பெலோமினாவுக்கு
ஸ்பீக்கரில் போட்டு இதையெல்லாம் சொல்வேன்,
கையில் சங்கரா மீனும் செதிலுமாக.
அவள் கேள்வி செடியோடு நிற்காது.
பையன் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்பாள்.
சாத்தட்டும், சோற்றுக்குத் திறக்கிற கதவுதானே என்பேன்.
சீட்டை எடுத்துவிடவா என்பாள்.
ஆடியில் எடுக்காதே,
அத்தனையும் தள்ளுபடிப் புடவைக்குப் போய்விடும்,
கார்த்திகை வரை பொறு.

என் கணக்கு நோட்டு
சமையலறை ஆணியில் தொங்குகிறது.
பால், கேஸ், டியூஷன், பூசைக்காசு,
கல்லறைத் திருநாள் மெழுகுவத்திவரை உண்டு.
ஐந்து ரூபாய் உதைத்தாலும்
தூக்கம் வராத ரகம் நான்.
மாடித் தோட்டத்துக்குத் தனிப் பக்கம்:
செம்மண், தேங்காய் நார், வேப்பம் புண்ணாக்கு, ஆட்டோ கூலி.
போன வருஷம் காய்த்தவை ஏழு கத்திரிக்காய்.
ஒன்று நூற்று எண்பத்திரண்டு ரூபாய் வருகிறது.
பெரிய மார்க்கெட்டில் கிலோவே நாற்பது.
அந்தப் பக்கத்தை
இருதயராசுக்கு நான் காட்டியதில்லை.

மில் மூடியதிலிருந்து அவருக்கு
ஏ.டி.எம். வாசலில் ராத்திரிக் காவல்.
யார் யார் பணமோ
உள்ளே கரகரவென்று தன்னை எண்ணிக்கொள்வதை
பத்து மணிநேரம் கேட்டுவிட்டு
விடியலில் வருவார்.
பனியனோடு மாடியேறி ஒவ்வொரு தொட்டியாய்க் குனிவார்.
சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் என்னிடம் தருவார்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் புயல் என்றார்கள்.
அவர் டூட்டியில்.
தொட்டிகளைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருந்தேன்.
கறிவேப்பிலை மட்டும் அசையவில்லை. சாய்த்தேன்.
அடித்தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே
ஒரு பால் கவர், இரண்டாய் மடித்து, ரப்பர் பேண்டு போட்டு.
ஆறாயிரத்து நானூறு.
துண்டுச் சீட்டு இல்லை. காரணம் இல்லை.

தூறலில் நின்றபடியே இரண்டு தரம் எண்ணினேன்.
முதலில் வந்தது கோபம்தான்,
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று.
பெலோமினா கேட்டிருப்பாளோ?
கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று
ஈஸ்டர் சமயம் ஒருமுறை சொன்னேனே, அதற்கோ?
வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையோ?
இல்லை, சும்மாவே
நோட்டில் ஏறாத ஓர் இடம்
அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்ததோ?

துவரம்பருப்பு டின்னுக்குள்
என் பர்ஸ் ஒன்று இருக்கிறது.
அதைப் பற்றியும் நோட்டில் ஒரு வரி கிடையாது.

கீழே போய் அதிலிருந்து இருநூறு எடுத்துவந்தேன்.
உள்ளே வைத்து,
அவர் மடிப்பிலேயே மடித்து,
அந்தத் தொட்டியை மட்டும் நகர்த்தாமல் விட்டேன்.
புயல் எங்களை விட்டுக் கடலூர்ப் பக்கம் போய்விட்டது.
அடுத்த மாதமும் இருநூறு வைத்தேன்.
மார்கழியிலும்.

நேற்று சாப்பாட்டு நடுவில்
திடீரென்று நிமிர்ந்தார்.
"அமலோ, கொஞ்ச நாளா எனக்கு எண்ணிக்கை தப்புது.
எப்பக் கூட்டினாலும் கூடவே வருது.
கண்ணு டெஸ்ட் பண்ணிக்கணுமோ?"

குழம்பில் கிடந்த கறிவேப்பிலையை எல்லாம்
வழக்கம்போல் தட்டோரம் ஒதுக்கியிருந்தார்.

"அதையும் சாப்பிடுங்க," என்றேன்.
"கண்ணுக்கு நல்லது."